செத்த றேடியோக்களில் கேட்ட பூசை

முப்பத்தொரு வயதில் இளைப்பாறிய மனிசன் என்று கடையில் என்னைப் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். ஒலிபெருக்கி கட்டுகிறவனுக்கு வயது காலில் தெரியாது, காதில்தான் தெரியும். மைக் கூவத் தொடங்குமுன் மெல்லியதாக ஒரு கீச்சுச் சத்தம் வரும். என் வலது காதுக்கு அது இப்போது கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் முகத்தைச் சுளித்த பிறகுதான் எனக்கு விளங்குகிறது. அப்படிப்பட்டவன் இந்த வேலையில் இருக்கக்கூடாது. அதனால் பத்து வருடம் செய்த வேலையைச் சென்ற மாதம் விட்டுவிட்டேன். இனி ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறேன்.

கடையை இப்போது பார்க்கும் இருவர் போன கிழமை என்னிடம் வந்தார்கள். ஒரு கோவிலுக்கு ஒலிபெருக்கி தெரிவு செய்து தரும்படி அவர்களிடம் கேட்டிருக்கிறார்களாம்.

"அண்ணை, எத்தினை வாட்ஸ் எடுக்கச் சொல்லுவம்?"

"அது கடைசிக் கேள்வி," என்றேன்.

"அப்ப முதல் கேள்வி என்ன?"

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியைக் கற்க எனக்கு அறுநூறு பேரின் உயிர் தேவைப்பட்டிருக்கும். தேவைப்படாமல் போனது என் அதிர்ஷ்டம். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னியில் உள்ள விசுவமடுவுக்கு வந்து, பிறருடைய வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவன் நான். உயர்தரம் வரை படித்தேன். அதற்கு மேல் வழி கிடைக்கவில்லை. பரமண்ணையின் றேடியோ திருத்தும் கடையில் சேர்ந்தபோது அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கம்பி சுத்துறதுக்காடா உன்ன படிக்க வச்சோம்?"

முதல் இரண்டு வருடமும் உண்மையில் கம்பிதான் சுற்றினேன். பிறகு ஈயம் ஒட்டினேன். பிறகு கோவில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் குழல் ஸ்பீக்கர் கட்டினேன். அவ்வளவுதான் பயிற்சி.

பரமண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த வயல்காரரின் மகன். அதிகம் கதைக்கமாட்டார். அவரிடம் இரண்டு வகையான "ம்" இருந்தது. கட்டையான "ம்" என்றால் சரி. இழுத்த "ம்ம்" என்றால் கழற்றித் திரும்பச் செய். மைக்கைச் சோதிக்கும்போது எல்லோரையும் போல "ஹலோ ஹலோ" என்று சொல்லமாட்டார். "ஹலோ எந்தக் கூடைக்குள்ளாலும் கேட்கும்" என்பார். போரால் மூடிக்கிடந்த கண்டி வீதியின் பஸ் தரிப்புகளை ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொல்வார். "வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம்..." ஆகக் கடைசியில் நிற்கும் என் காதுக்கு "புளியங்குளம்" "புழுங்குளம்" ஆகிவிட்டால் நான் கையை உயர்த்த வேண்டும். அவர் ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டுத் திரும்பவும் வவுனியாவிலிருந்து வெளிக்கிடுவார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் கடையும் மல்லாவிக்கு வந்தது. மல்லாவி நிரம்பி வழிந்தது. காட்டோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கத்தோலிக்கக் கோவில் இருந்தது. நூறு பேருக்குக் கட்டிய கோவிலுக்கு ஞாயிறுதோறும் அறுநூறு பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் இரண்டு பக்கமும் இறக்கிய கிடுகுப் பந்தலுக்குள் இருந்தார்கள். பூசை வைக்கும் சுவாமியாருக்கு மென்மையான குரல். மழை பெய்தால் பீடத்துக்கு முன்னால் இருப்பவருக்கே கேட்காது.

கோவில்காரர் ஒலிபெருக்கி கேட்டு வந்த அன்று பரமண்ணைக்குக் காய்ச்சல். "நீ போய்ப் பாத்து முடிவெடு. நீதானே படிச்சனி," என்று என்னை அனுப்பினார். நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது.

கோவில் மூப்பர் சந்தியாப்பிள்ளை என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கொக்கிளாயில் மீன் பிடித்தவர், ஊரை விட்டு வந்து பல இடங்கள் மாறியவர். களப்பின் இக்கரையில் நின்று அக்கரைக்காரனுடன் கதைத்துப் பழகிய குரல். அவருக்கு மைக் தேவையே இல்லை.

"தம்பி, நாலு குழல் வேணும். மரத்தில உச்சத்தில கட்ட வேணும்."

"உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்குத்தானே மூப்பர் கேட்க வேணும்?"

"உள்ளுக்கு இருக்கிறவன் எழும்பி முன்னுக்கு வருவான். எங்கட ஊரில குழல் கோவிலுக்கு உள்ளுக்குப் பார்த்து இருந்ததே இல்லை. களப்பைப் பார்த்துத்தான் கட்டுறது. தொழிலில நிக்கிறவனும் பூசை கேட்க வேணும். நடுப்பூசை மணி கேட்டா வள்ளத்தில நிண்டபடி தலைத்துண்டை எடுத்துப்போட்டுக் கும்பிடுவம். விளங்குதே?"

விளங்கியது. அதைவிட வேறொரு காரணமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, கூட வந்தவர்கள் சொன்னார்கள். இடம்பெயர்ந்து வரும்போது அவருடைய மனைவி மதலேனம்மா உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டா. குளக்கட்டுப் பக்கத்துக் கொட்டிலில் படுத்த படுக்கை. அந்த வரிசையில் அவவைப்போல எழும்ப முடியாதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களை யார் கோவிலுக்குத் தூக்கி வருவது? குழல் கட்டினால் பூசை அவர்களிடம் போகும்.

நான் உருகிப்போனேன். வீரைமரத்தில் நான்கு குழலையும் நான்கு திசைக்குக் கட்டினேன். கோவிலுக்குப் பின்னால் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரை வைத்தேன். மூப்பரை மைக்கில் செபம் சொல்லவிட்டு, எதுவரைக்கும் கேட்கிறது என்று பார்க்கச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். சந்திவரை கேட்டது. குளக்கட்டில் கேட்டது. மதலேனம்மா பாயில் படுத்தபடி இரண்டு கையையும் குவித்திருந்தா. எனக்கு அன்று சாப்பாடே தேவைப்படவில்லை.

பரமண்ணையிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் போர்வைக்குள்ளிருந்து இழுத்த "ம்ம்" சொன்னார். காய்ச்சலில் முனகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை. கொக்கிளாய் ஆட்கள் நெஞ்சு முட்டப் பாடினார்கள். நான்கு குழலும் அதைக் காட்டின் மேல் அள்ளி எறிந்தன. பின்னால் ஜெனறேற்றர் உறுமியது. நான் சைவக்காரன், பூசைக்குள் போகாமல் அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். யாரோ என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். எதிர் வயல்காரர். மண்வெட்டி கையில் இருந்தது. உதடு அசைந்தது; சத்தம் எனக்கு வரவில்லை. அவரே குனிந்து அம்ப்ளிபயரின் வயரைப் பிடுங்கினார்.

"காது செத்தே கிடக்கிறியள்? பிளேன் ரெண்டு தரம் தலைக்கு மேல சுத்திப்போட்டுப் போறான்! ரோட்டில ஒரு சனமில்லை, எல்லாம் பங்கருக்குள்ள! நீங்கள் இஞ்ச கச்சேரி வைக்கிறியள்!"

மேலே பார்த்தேன். ஒன்றுமில்லை. நீல வானம். தூரத்தில் தேய்ந்துபோகும் ஒரு இரைச்சல் மட்டும்.

அறுநூறு பேர். குழந்தைகள், கர்ப்பிணிகள். குண்டு போடுகிற விமானம் வந்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று சைக்கிளில் போய் அளந்தேனே தவிர, எந்தச் சத்தத்தை அது உள்ளே வரவிடாமல் மறைக்கிறது என்று ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை.

பரமண்ணை எழும்பி வந்தார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"குழலைக் கழட்டு," என்றார்.

"அண்ணை, என்னால..."

"முதல்ல கழட்டு. அழுறதைப் பிறகு அழலாம்."

கழற்றினோம். அடுத்தது மூப்பர். அவர் கொட்டில் வாசலில் எங்களை உள்ளே விடாமல் நின்றார்.

"கழட்டினது சரிதான். எனக்கும் விளங்குது. ஆனா இவள் எப்பிடிப் பூசை கேட்கிறது? அதுக்கு ஒரு பதில் சொல்லிப்போட்டுக் கழட்டியிருக்கலாம்."

உள்ளேயிருந்து மதலேனம்மா கூப்பிட்டா. "அந்தப் பிள்ளையளை ஏன் வெயிலில நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்? உள்ளுக்கு விடுங்கோ."

உள்ளே போனோம். பரமண்ணை கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். தலைமாட்டில் ஒரு சிறிய றேடியோ, மேலே துணி மூடி, பக்கத்தில் மாதா சுரூபம். அவர் துணியைத் தூக்கினார்.

"இது வேலை செய்யுதோ அம்மா?"

"பற்றறிக்கு எங்க போறது மேனை? மூண்டு வருசமாய் ஒரு கதையும் இல்லை. எங்கட மனிசனும் அதுவும் ஒண்டுதான்."

மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பரமண்ணை சிரிக்கவில்லை. றேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பீக்கரை விரலால் மெல்லத் தட்டினார். கட்டையான "ம்."

எனக்கு அந்த நொடியில் பிடிபட்டது. யுத்தத்தால் வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு றேடியோ செத்துக் கிடந்தது. ஆனால் செத்தது பற்றறிதான். ஸ்பீக்கர் உயிரோடு இருந்தது. பெரிய சத்தத்தைத் தூரத்திலிருந்து எறியத் தேவையில்லை. சின்னச் சத்தத்தை ஒவ்வொருவருடைய காதுக்குப் பக்கத்திலும் கொண்டுபோய் வைக்கலாம். காது நிரம்பாது. வானமும் கேட்கும்.

அடுத்த பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தார். "வீட்டில பேசாமல் கிடக்கிற றேடியோ இருந்தா கொண்டுவாங்கோ. திருப்பித் தருவம். பேசாமல் கிடக்கிற மனுசரைக் கொண்டுவர வேண்டாம்." மதலேனம்மாவின் கதை அதற்குள் அவருக்கும் போய்விட்டது. வந்தவற்றில் பதினெட்டைத் தெரிந்தெடுத்தோம்.

இனி வேலைக்காரருக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு சின்ன அம்ப்ளிபயரில் பதினெட்டு ஸ்பீக்கரை அப்படியே மாட்டினால் அம்ப்ளிபயர் எரிந்துபோகும். ஆனால் ஒன்பது ஸ்பீக்கரை மூன்று மூன்றாக வரிசையில் கோத்து, அந்த மூன்று கோவையையும் பக்கம் பக்கமாக இணைத்தால், அம்ப்ளிபயருக்கு அது ஒரே ஒரு ஸ்பீக்கர் போலத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நான் செய்த கணக்கு. பரீட்சைக்குப் பிறகு அது எனக்குப் பயன்பட்டது அன்றுதான். எங்களிடம் இருந்தது ஒரு காரிலிருந்து கழற்றிய கசற் செற்றின் அம்ப்ளிபயர். அதற்கு இடம் வலம் என்று இரண்டு வழி. இடத்து வழியில் கோவிலுக்கு ஒன்பது. வலத்து வழியில் குளக்கட்டுக் கொட்டில்களுக்கு ஒன்பது. எல்லாவற்றுக்கும் ஓர் உழவு இயந்திரப் பற்றறி போதும். ஜெனறேற்றர் தேவையில்லை, அந்த உறுமலும் இல்லை.

கொட்டில்களுக்கு வயர் இழுக்க மூன்று நாள் எடுத்தது. பரமண்ணை வழக்கம்போல வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டார். நான் மதலேனம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். "புளியங்குளம்" தெளிவாக வந்தது. அவ என்னைப் பார்த்து, "ஏன் மேனை, சுவாமி பஸ் ஓட்டப் போறாரோ?" என்று கேட்டா.

ஆனால் சனம் பாடும்போது வானம் எப்படிக் கேட்கும்? ஒருவர் வெளியில் நின்று கவனிக்க வேண்டும். சரி, அவர் கேட்டால் எப்படி அறிவிப்பது? மணி அடித்தால் பூசைக்கு அடிக்கும் மணி என்று நினைப்பார்கள். விசில் பாட்டுக்குள் அமுங்கிவிடும். நான் ஒரு யோசனை சொன்னேன். பற்றறி வயரை வீரைமரத்தடிவரை கொண்டுவந்து அங்கே ஒரு சுவிச் வைப்போம். நான் எப்படியும் பூசைக்குள் இருப்பதில்லை. மரத்தடியில் இருந்து வானத்தைக் கவனிக்கிறேன். இரைச்சல் கேட்டால் சுவிச்சை அமத்துவேன். சுவாமியாரின் குரலும் பாட்டுக்காரரின் குரலும் ஒரேயடியாக நின்றுபோகும். ஸ்பீக்கர் நின்றால் எல்லோரும் வாயை மூடி, எழும்பி, பங்கருக்குப் போக வேண்டும். கொட்டிலிலும் அதே நேரம் நிற்கும். அங்கே எழும்ப முடியாதவர்களைத் தூக்க ஆளுக்கு இரண்டு பேர் வீதம் பக்கத்திலேயே இருப்பார்கள்.

பரமண்ணை கேட்டார். "அப்ப செற் தானாய்ப் பழுதாப்போனா?"

"போகாது அண்ணை."

இழுத்த "ம்ம்".

இரண்டாவது ஞாயிறே போனது. மேற்குப் பக்கத்து மூன்று ஸ்பீக்கரையும் கோத்த வயரை அணில் கடித்துவிட்டது. ஒரு கோவையில் ஒன்று அறுந்தால் மூன்றும் சாகும். மேற்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். நான் மரத்தடியில் சுவிச்சைத் தொடாமல் வாயைப் பிளந்து நின்றேன். ஐந்து நிமிடம் கழித்துச் சனம் திரும்பி வந்தபோது சுவாமியார் பிரசங்க மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். "பிரசங்கம் நீண்டுபோச்சுதெண்டா ஒரு ஆள் வந்து சொல்லியிருக்கலாம்," என்றார். சிரித்தார்கள். ஒரு தாய்க்கு முழங்கால் உரசல். வேறொன்றுமில்லை. ஆனால் இப்படி இரண்டு தரம் நடந்தால் மூன்றாம் தரம் யாரும் எழும்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரம் பரமண்ணை கோவில் நிலத்தில் குந்தியிருந்து, ஒன்பது புளியங்கொட்டையை மூன்று வரிசையாக வைத்தார். ஒவ்வொரு வரிசையும் ஒரு கோவை. பிறகு அவற்றை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினார். பக்கத்தில் பக்கத்தில் உள்ள எந்த இரண்டு கொட்டையும் ஒரே கோவையைச் சேராமல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். இனி ஒரு கோவை செத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் பேசாமல் போகும். பக்கத்து ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் முழுதாக மௌனமாகாது. எல்லாம் ஒன்றாக நின்றால் மட்டும்தான் ஓட்டம். ஒரு பற்றறி செத்தால் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும் என்பதால் அதையும் இரண்டாக்கினோம். வயர் முழுவதையும் கழற்றித் திரும்ப இழுக்க இன்னும் மூன்று நாள். நான் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் ஒன்றும் நடக்கவில்லை. நான் மரத்தடியில் வாயைத் திறந்தபடி இருப்பேன். வாய் திறந்திருந்தால் தூரத்துச் சத்தம் நன்றாகக் கேட்பதுபோல எனக்குத் தோன்றும். ஒரு பெருநாளுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடியும் நேரம். சுவாமியார் கலியாண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார். கலியாணம் செய்யப்போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோவிலில் வாசிப்பது அவர்களுடைய முறை. தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அன்று முதலாவது வாசிப்பு. பெண் மூப்பரின் தமக்கையின் பேத்தி. மாப்பிள்ளை யாரென்று வீட்டுக்காரர் மூடி வைத்திருந்தார்கள். மூப்பருக்கே சொல்லவில்லையாம்.

"...மகள் மேரி ஜெசிந்தாவுக்கும்..."

எனக்குத் தெற்கே கேட்டது. மிக மெல்லியதாக, தகரத்தில் நகம் கீறுவதுபோல. லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமோ? இல்லை. சுவிச்சை அமத்தினேன்.

கோவில் அப்படியே நின்றது. ஒரு குழந்தையின் அழுகை மட்டும். பிறகு காலடிகள். யாரும் கத்தவில்லை, தள்ளவில்லை. பெண்களும் குழந்தைகளும் முதலில், கிழடுகள் அடுத்து, பெடியள் கடைசி. நான் கடைசியாக இறங்கும்போது இரைச்சல் பெரிதாகிவிட்டது. பங்கருக்குள் இருட்டில் என் முழங்கால் யாருடைய முதுகிலோ முட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் செபமாலை சொன்னார். அதன் நடுவே ஒரு பெண் கிசுகிசுத்தது கேட்டது.

"ஆராயிருக்கும் மாப்பிள்ளை?"

"உஷ்! அருள் நிறைந்த மரியே... முள்ளியவளைப் பெடியனெண்டு ஒரு கதை... வாழ்க..."

விமானம் ஒரு தரம் சுற்றியது. பிறகு கிழக்கே போனது. நாங்கள் நெடுநேரம் அசையவில்லை. எங்கும் ஒன்றும் விழவில்லை. வெளியே வந்து தலை எண்ணினோம். கோவில் பக்கம் எல்லோரும் இருந்தார்கள். குளக்கட்டிலிருந்து ஒருவன் சைக்கிளில் வந்து, அங்கேயும் எல்லோரையும் நேரத்துக்குத் தூக்கி இறக்கிவிட்டதாகச் சொன்னான். மூப்பர் அதைக் கேட்டதும் குளக்கட்டை நோக்கி நடந்தார். நான் மரத்தில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். பரமண்ணை எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையான "ம்" ஒன்று மேலிருந்து விழுந்தது.

சனம் உள்ளே போய் இருந்தது. நான் சுவிச்சைப் போட்டேன். சுவாமியார் தாளைக் கையில் எடுத்தார்.

"எங்க விட்டனான்?"

"பொம்பிளை முடிஞ்சுது சுவாமி! மாப்பிள்ளை! மாப்பிள்ளையைச் சொல்லுங்கோ!" என்று கோவில் முழுக்க ஒரே குரல்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து வாயைத் திறந்தார். அந்நேரம் வாசலில் மூப்பர் வந்து நின்றார். ஓடி வந்த இளைப்பு. களப்பைத் தாண்டும் அந்தக் குரலில் கத்தினார்.

"சுவாமி, பொறுங்கோ! மனிசியை இன்னும் பங்கருக்குள்ளயிருந்து ஏத்தேல்லை. தான் கொட்டிலுக்கு வந்து சேருமட்டும் மாப்பிள்ளையின்ர பேரை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்!"

சுவாமியார் தாளைக் கீழே வைத்தார். அறுநூறு பேரும் ஒரு சத்தமில்லாமல் காத்திருந்தார்கள்.